தண்ணீர் குடித்த வண்டி

வண்டி என் கைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு. அந்த நாளையே முதல் நாள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். காரணம், எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த அவகாசம் சரியாக முப்பது நாள்.

விற்றவர் பொழிச்சலூர்க்காரர், நாற்பதைத் தொடாதவர். விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை. நான் நூலகராக இருக்கும் காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் ஒரு பேராசிரியருக்கு மைத்துனர். வளைகுடாப் பக்கம் வேலை கிடைத்துக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்:

“முப்பது நாள் ஓட்டிப் பாருங்க மேடம். மனசுக்கு ஒப்பலைன்னா கொண்டு வந்து விட்டுடுங்க. பணத்தைக் குடுத்துடறேன், ஏன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன். ஆனா முப்பத்தோராம் நாள் நான் ஊர்ல இருக்க மாட்டேன்.”

அது இரண்டே இருக்கை, இரண்டே கதவு கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். தலைக்கு மேல் தகரம் கிடையாது, கறுப்புத் துணிக் கூரைதான். இரண்டு கொக்கிகளை விடுவித்துப் பின்னால் தள்ளினால் இருக்கைகளுக்குப் பின்னே மடிந்து படுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் செய்தது, வயது பதினாறு. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு எதற்கு இது என்று கேட்காதவர்களே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூலகத்தில் பைண்டிங் செய்வதற்காகப் பழைய வாகன இதழ்களை ஆண்டுவாரியாக அடுக்கியபோது இந்த மாதிரி ஒரு படத்தைப் பார்த்தேன். பிறகு அந்த பைண்டிங்கை யாரும் இரவல் எடுக்கவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டே இருந்தேன். இதுதான் என் பதில். சிலருக்குப் போதுமானதாக இருந்தது.

என் கணவருக்குப் போதவில்லை. அவர் பெருங்களத்தூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். “ரெண்டு பேர்தான் உக்கார முடியும்னா, காய்கறி எங்க உக்காரும்?” என்று கேட்டார்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரியிலிருந்து மூன்றாவது தெரு. எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்குபவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று முதலில் கேட்பதில்லை. வெள்ளத்தில் நின்றதா என்றுதான் கேட்பார்கள். பெருவெள்ளம் வந்த வருடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கார்கள் படகுகளைப் போல மிதந்தன. தண்ணீர் வடிந்ததும் பலவற்றைக் காயவைத்து, கழுவி, வாசனைத் திரவம் அடித்து விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு மின்கம்பியாக உயிரை விட்டது. அப்படிப்பட்ட வண்டியைத் ‘தண்ணி குடிச்ச வண்டி’ என்பார்கள். ஒரு வண்டிக்கு அந்தப் பெயர் வந்துவிட்டால் அதை மறுபடி யார் தலையிலாவது கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதனால் நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். விற்றவர் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு சொட்டு ஏறல மேடம். வெள்ளத்தப்ப வண்டி எங்க ஆபீஸ்ல மூணாவது மாடி பார்க்கிங்ல நின்னுச்சு.” நான் நம்பினேன். கணவர் வீட்டுக்கு வந்ததும், “எல்லாரும் மூணாவது மாடின்னுதான் சொல்வாங்க” என்றார்.

முதல் வாரம் சின்னச் சின்னக் குறைகள் ஒவ்வொன்றாக முகம் காட்டின. இடது ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கி நின்றுவிடும். கையால் லேசாக அழுத்தினால் மீதி தூரம் போகும். வலப்பக்க இண்டிகேட்டர் இரட்டை வேகத்தில் படபடத்தது. பெட்ரோல் முள் எவ்வளவு ஊற்றினாலும் பாதியைத் தாண்டவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் மூன்று வேகத்தடைகளில் நடுவில் உள்ளது வண்டியின் அடிவயிற்றை உரசியது. நேராக ஏறாமல் குறுக்காக, ஒரு சக்கரம் மட்டும் முதலில் ஏறும்படி போனால் உரசாது என்று மூன்றாம் நாள் மாலை கண்டுபிடித்தேன். நான் அப்படி வளைந்து போவதைப் பார்த்த எதிர்வீட்டம்மா, “இன்னா, காரு கோலம் போட்டுகினு போவுது?” என்று வாசலிலிருந்து கத்தினார்.

இவர் இந்த ஊரின் பூர்வீகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் வீடிருக்கும் மனையே அவர்கள் கழனியாக இருந்ததுதான். தெருவில் எது நடந்தாலும் முதல் வார்த்தை அவருடையது.

இண்டிகேட்டருக்குப் பல்பு மாற்றினேன், சரியாகிவிட்டது. ஜன்னலின் ரப்பர் காய்ந்திருந்தது. அதற்கென்று விற்கும் எண்ணெயை அடித்ததும் முக்கால் வரை இறங்கியது. பெட்ரோல் முள்ளை அப்படியே விட்டுவிட்டு, ஓடிய தூரத்தை நோட்டில் எழுதிக் கணக்கு வைத்தேன். எழுதுவது எனக்குச் சிரமமில்லை. எங்கள் தெருவில் எந்த நாள் மழை, எவ்வளவு நேரம், தண்ணீர் எந்த வீட்டுப் படிவரை வந்தது என்றெல்லாம் எழுதி வைத்த நோட்டுகளே என்னிடம் பதினொன்று இருக்கின்றன. வண்டிக்காகப் பன்னிரண்டாவது தொடங்கினேன்.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, ஆயுத பூஜை.

எங்கள் தெருவில் அன்று எல்லா வண்டிகளையும் கழுவி வரிசையாக நிறுத்திவிடுவார்கள். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் குருக்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் என்று முடித்துக்கொண்டே வருவார். ஸ்கூட்டர்கள், இரண்டு ஷேர் ஆட்டோக்கள், ஒரு தண்ணீர் லாரி, நான்கைந்து கார்கள். என் வண்டியை எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தேன். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் தெரு. சக்கரங்களுக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழங்கள்.

குருக்கள் வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். “மாலையை எங்கம்மா மாட்டறது? மூக்கே இல்லியே இதுக்கு.”

“கூரையைத் திறந்துடு” என்றார் என் கணவர். அந்த வார்த்தை யாருடையது என்பது பின்னால் முக்கியமாகப் போவதால் குறித்து வைக்கிறேன்: அவருடையது. “சாமி உள்ளயும் பாக்கட்டும்.”

கூரையைத் திறந்து மடித்தேன். தெருவே கூடிவிட்டது. திறந்த கார் அவர்களுக்குத் தெரிந்தவரை கல்யாண ஊர்வலத்துக்கு உரியது. எதிர்வீட்டம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “மாப்ள அழைப்புக் காராட்டம் கீதே! டீச்சரய்யா, ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. கண்ணாலத்து அன்னிக்கு உட்டதை இன்னிக்கு ஊர்வலம் போய்க்கலாம்” என்றார்.

என் கணவர் மறுத்தார். நான்கு பேர் பிடித்துத் தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள். நானும் ஏறினேன். குருக்களுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. மற்ற வண்டிகளுக்குத் தாமே தெளித்துவந்த அட்சதையை இப்போது தட்டோடு கூட்டத்தில் நீட்டிவிட்டார். ஆளுக்கு ஒரு பிடி மஞ்சள் அரிசி. கூடவே கூடையில் இருந்த உதிரிச் சாமந்தி. எதிர்வீட்டம்மா “கெட்டி மேளம்!” என்று குரல் கொடுக்க, அத்தனையும் எங்கள் தலையில் விழுந்தது. கணவரின் சட்டைக்குள் அரிசி போய்விட்டது. அவர் சிரித்தார். வண்டி வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான் முதல் முறை என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அன்று மாலை இருக்கைகளையும் தரையையும் பெருக்கிச் சுத்தம் செய்தேன். பின்னால் மடிந்திருந்த கூரையை இழுத்து மூடினேன். எல்லாம் சுத்தம் என்றே நினைத்தேன்.

பதினாறாம் நாள், திங்கட்கிழமை, பருவத்தின் முதல் பெருமழை. மறுநாள் காலை கணவரைப் பள்ளியில் இறக்கிவிட அழைத்துப்போனேன். ஷூவில் சேறு அப்பியிருந்ததால் கதவருகே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார். ஏறிய வேகத்தில் காலை மேலே தூக்கினார்.

“என்ன இது, தண்ணி?”

காலடிக் கம்பளம் நனைந்திருந்தது. அழுத்தினால் விரல்களுக்கு நடுவே தண்ணீர் பொங்கியது. அவருடைய சாக்ஸ் பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. கூரைத் துணியில் எங்காவது கிழிசலா என்று அன்று மாலை விளக்கைப் பிடித்து ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தேன். ஓர் ஊசித்துளைகூட இல்லை. கதவு ரப்பர்களும் நன்றாகவே இருந்தன. மேலிருந்து வராத தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அடுத்து நாற்றம். பத்தொன்பதாம் நாள் கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடித்தது. ஊறிப் புளித்த, கெட்டுப்போன, தேங்கிய ஒன்றின் வாடை. எங்கள் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் அந்த வாடையை விளக்க வேண்டாம். வெள்ளம் வடிந்தபின் வீட்டைத் திறந்தபோது மெத்தையிலிருந்தும் அரிசி டின்னிலிருந்தும் வந்த அதே வாடை. என் கணவர் ஒரே ஒரு முறை மூச்சிழுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

இருபத்தோராம் நாள், சனிக்கிழமை, முடிச்சூர் சாலையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பழைய வண்டிகளில் பெயர் எடுத்தவர். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார், வெளியே எடுத்தார்.

“மேடம், இது தண்ணி குடிச்ச வண்டி.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மூக்கு சொல்லுதே. வெள்ளத்துல நின்ன வண்டி நூறு பாத்திருப்பேன். கார்ப்பெட்டுக்குக் கீழ சேறு உக்காந்துகினு இருக்கும். மழை ஈரம் பட்டா நாறும். ஜன்னல் பாதில நிக்குதுன்றீங்க, பெட்ரோல் முள்ளு ஏறலன்றீங்க. எல்லாம் ஒயரிங்கு. யாரு தலையில கட்டுனான்?”

நான் வண்டிக் கதவைச் சாத்தினேன்.

“திருப்பிக் குடுக்க வழி இருந்தா குடுத்துருங்க. இல்லாட்டி பெரிய பேஜாரு.”

வீட்டுக்கு வந்து வெள்ள வருடத்து நோட்டை எடுத்தேன். அந்த வாரம் முழுவதும் எந்த ஊரில் எவ்வளவு தண்ணீர் என்று கல்லூரி ஊழியர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தேன். பொழிச்சலூர், ஆற்றை ஒட்டிய தெருக்கள்: ‘கழுத்தளவு. கார்கள் சுவருக்கு மேல்.’ விற்றவரின் வீடு அந்தத் தெருக்களில் ஒன்றில்தான். என் கையெழுத்துதான், மை மங்கவில்லை. மூன்றாவது மாடி என்று அவர் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. கழுத்தளவு தண்ணீருக்கு இருந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், கேள்வி இல்லாமல் பணம் வந்துவிடும். ஆனால் திருப்பிக் கொடுப்பதே, நீ பொய் சொன்னாய் என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான். பேராசிரியருக்கும் தெரியவரும். அதைவிட, கண்ணைப் பார்த்துப் பேசிய ஒருவரை நம்பி நான் ஏமாந்தேன் என்றால், அதுவும் இந்த ஊரில் இத்தனை நோட்டு எழுதியவள் ஏமாந்தேன் என்றால், எனக்கே என்னிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மழைக்கும் அந்த வாடையோடு கல்லூரிக்குப் போகவேண்டும். இருபத்தைந்தாம் நாள் மறுபடி மழை. மறுபடி அதே இடத்தில் தண்ணீர்.

“ஞாயித்துக்கிழமை போய் விட்டுட்டு வந்துடலாம்” என்றார் கணவர். குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் ஞாயிறு. காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கணவர் காலைத் தரையில் வைக்க மனமில்லாமல் இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சிக்னலில் நின்றபோது பக்கத்துப் பஸ்ஸிலிருந்து பார்த்தவர்களுக்கு யாரோ பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்திருக்கும். எங்கள் இருவருக்கும் நடுவில் வெள்ள நோட்டு, வண்டி நோட்டு இரண்டும் இருந்தன. என்ன சொல்வது என்று குரோம்பேட்டைவரை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். எந்த வாக்கியமும் நன்றாக வரவில்லை.

பொழிச்சலூரில் அவர் வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. வண்டிச் சத்தம் கேட்டு லுங்கியோடு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்கவேண்டும்.

“ஒப்பலையா மேடம்?”

கேள்வி கேட்கமாட்டேன் என்று சொன்னவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் பேசாமல் சாவியை நீட்டியிருக்கலாம். ஆனால் நோட்டைப் பிரித்துவிட்டேன்.

“உங்க தெருவுல கழுத்தளவு தண்ணி வந்திருக்கு. நான் அப்பவே எழுதி வெச்சிருக்கேன்.”

தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுபோல அவர் வாயைத் திறந்து அப்படியே காத்திருந்தார். அது கடந்துபோக எடுத்துக்கொண்ட நேரத்தை நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட மிகச் சில நேரங்களில் அது ஒன்று.

“கழுத்தளவு இல்ல மேடம், அதுக்கும் மேல” என்றார் சத்தம் அடங்கியதும். “எங்க வீட்டு பிரிட்ஜ் அந்த முனைவரைக்கும் மிதந்து போச்சு. எங்கம்மாவைத் தோள்ல தூக்கிட்டுப் போனேன். வீட்ல வராத தண்ணியில்ல. வண்டிக்குத்தான் வரல.”

குரலில் கோபம் இல்லை. ஆனால் என்னை ‘உள்ளே வாங்க’ என்று சொல்லவில்லை. நேராக வண்டிக்கு நடந்து கதவைத் திறந்தார். வாடை அவரையும் அடித்தது. புருவம் சுருங்கியது.

“நான் குடுக்கும்போது இது இல்ல.”

“மழைக்கு அப்புறம்தான்” என்றேன்.

சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். சாதாரணமாக யாரும் இழுக்காத தூரம், சுருளின் கடைசி முனைவரை. “இங்க பாருங்க. வெள்ளத்துல நின்ன வண்டின்னா இந்த உள்சுத்துல பழுப்பா ஒரு கோடு இருக்கும். வண்டி முழுக்க கழுவுறவங்க இதை இழுத்துக் கழுவ மாட்டாங்க.” பெல்ட் கடைசிவரை ஒரே கறுப்பு. இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட்டுகளைத் தடவி விரலைக் காட்டினார். துரு இல்லை. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். தண்ணீர் இருந்தது, சேறு இல்லை.

பிறகு வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய், ஓட்டுநர் காலடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். காய்ந்திருந்தது.

“இடது பக்கம் மட்டும் நனையுது. வெள்ளம்னா ஒரு பக்கமாவா மேடம் வரும்?”

நான் என் கணவரைப் பார்த்தேன். பாத்திரத்தில் நீர்மட்டம் பற்றி இருபத்தைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவர். அவர் வாசலில் இருந்த அட்டைப் பெட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

விற்றவர் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தார். கூரையின் கொக்கிகளை விடுவித்துப் பாதி மடித்தார். இருக்கைக்குப் பின்னால், துணி மடிந்து விழும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு சின்னக் கால்வாய் இருந்தது. நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. கூரையில் விழும் மழை வழிந்து அங்கேதான் சேரும், அங்கிருந்து ஒரு குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் இறங்கிவிடும் என்றார். வலப்பக்கம் ஊற்றினார். உடனே வண்டிக்கு அடியில் சொளசொளவென்று விழுந்தது. இடப்பக்கம் ஊற்றினார். தண்ணீர் கால்வாயிலேயே நின்றது, மெல்ல உயர்ந்தது, விளிம்பு தாண்டி உள்ளே வழிந்து இருக்கைக்குப் பின்னால் காணாமல் போனது.

“அடைச்சிருக்கு” என்றார். குரலே மாறிவிட்டது, வேலை கிடைத்த குரல்.

கட்டிவைத்த பெட்டி ஒன்றைப் பிரித்து, ஜன்னல் திரை மாட்டும் ஸ்பிரிங் கயிறு ஒன்றை எடுத்துவந்தார். அதைக் குழாய்க்குள் விட்டு, முறுக்கி, இழுத்தார். முதலில் மஞ்சளாக ஒரு கூழ் வந்தது. அந்த வாடை தெருவுக்கே வந்தது. மறுபடி விட்டார். கருகிய இதழ்கள் ஒரு கொத்தாக வந்தன. மூன்றாவது தடவை வந்ததை உள்ளங்கையில் வாங்கி, கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“மேடம், இது... அரிசியா?”

ஊறி, உப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன பச்சரிசி. மஞ்சள் இன்னும் போகவில்லை.

வண்டி நோட்டைத் திறந்தேன். பக்கம் தேடத் தேவையிருக்கவில்லை. ‘ஐந்தாம் நாள், வியாழன். ஆயுத பூஜை. கூரை திறந்திருந்தது. வலப்பக்கம் சுவர் என்பதால் எல்லோரும் இடப்பக்கம் நின்று தூவினர். சுமார் இருபது பேர். அட்சதை, சாமந்தி.’ எல்லாமே இருந்தது. அரிசி எங்கே விழுந்தது என்பதைத் தவிர. வாய்விட்டே படித்தேன்.

அவர் ஒரு விநாடி என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வண்டியின் மேல் கைவைத்துக் குனிந்து சிரிக்க ஆரம்பித்தார்.

“பூ போட்டீங்க, சோறு போட்டீங்க. தண்ணி போக மட்டும் வழி விடலையே மேடம்! பன்னெண்டு வருஷம் வெச்சிருந்தேன், நான் ஒரு எலுமிச்சம்பழம்தான் வெச்சேன். நீங்க கல்யாணமே பண்ணிட்டீங்க.”

“கூரையைத் திறக்கச் சொன்னது இவர்” என்றேன்.

“சாமி உள்ள பாக்கணும்னுதான் சொன்னேன், எல்லாரும் உள்ள போடணும்னு சொல்லல” என்றார் கணவர்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பால் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள், பாதி அதுதான். மீதிப் பாதி, அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதால் வந்தது.  “தம்பி, மன்னிச்சுடுங்க” என்றேன். அதுவரை அவரை சார் என்றுதான் அழைத்திருந்தேன்.

“அட, விடுங்க. இந்த ஊர்ல யாரா இருந்தாலும் அதைத்தான் நினைப்பாங்க. நான் வாங்குறவனா இருந்தா நானும் நினைச்சிருப்பேன்” என்றார். “உள்ள வாங்க, ரெண்டு பேரும். நாற்காலியெல்லாம் கட்டியாச்சு, பெட்டி மேலதான் உக்காரணும்.”

பெட்டிகளின் மேல் உட்கார்ந்து காபி குடித்தோம். அதற்குள் அவர் கம்பளத்தைக் கழற்றி மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டார். ஜன்னலுக்கு உள்ளே கம்பி ஒன்று தேய்ந்திருக்கும், அது வயசு, வெள்ளமில்லை என்றார். பெட்ரோல் முள்ளைப் பற்றிக் கேட்டேன். “அது நான் வாங்கின நாள்லேர்ந்தே பாதிதான்க்கா. சொல்ல மறந்துட்டேன். அந்த ஒரு பொய்யை வேணா எழுதிக்குங்க” என்றார். எழுதிக்கொண்டேன். மேடம் அக்கா ஆனதையும் பக்கத்திலேயே குறித்தேன்.

காய்ந்த கம்பளத்தை மறுபடி மாட்டிக்கொண்டு மதியம் வீடு திரும்பியபோது எதிர்வீட்டம்மா வாசலில் இருந்தார். திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது.

“இன்னா, வண்டி திரும்பி வந்துகினு கீது? வாங்க மாட்டேன்னுட்டானா?”

நடந்ததைச் சொன்னேன். நீங்கள் போட்ட அரிசிதான் என்றும் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “நல்ல அரிசி அது. எங்க வூட்ல பொங்குறது. உன் வண்டிக்குத்தான் செரிக்கத் தெரில” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ள நோட்டை அலமாரியில் திரும்ப வைப்பதற்கு முன், பொழிச்சலூர் வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘இந்தத் தெருவின் ஒரு கார் மட்டும் மூன்றாவது மாடியில் இருந்தது.’ அவர் வாயால் சொன்னதுதான், நான் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதினேன். முடிச்சூர் சாலை மெக்கானிக்கிடம் நான் போய்ச் சொல்லவில்லை. அவர் மூக்கில் தவறில்லை, அது ஊறிய அரிசியின் வாடை என்று கண்டுபிடிக்கும் மூக்கு அன்று எங்கள் யாரிடமும் இல்லை.

முப்பதாம் நாள் திங்கட்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. ஏழரைக்கு போன் வந்தது. “என்னக்கா, கடைசி நாள். கொண்டு வர்றீங்களா?” என்றார் பொழிச்சலூர்க்காரர். இல்லை என்றேன். “அப்ப நான் நிம்மதியா ஏறுறேன்” என்று வைத்துவிட்டார்.

கணவர் குடையோடு வந்து ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். முந்தின நாளைப்போலவே இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார். துணிக் கூரையில் மழை கொட்டியது. நடு வேகத்தடையில் குறுக்காக ஏறி இறங்கினேன். பெருங்களத்தூர் போகும்வரை அவர் காலடியைக் குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு தடவை கையை நீட்டிக் கம்பளத்தைத் தொட்டார், விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு காலாக, சாக்ஸோடு, கீழே வைத்தார்.